நாட்டு மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருதுநகர் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வைத்தியன் இல்லை. சீட்டில் எழுதியிருப்பதை நிறுத்து, கேட்டால் இடித்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. ஆனாலும் சந்தேகங்கள் எல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனிடம்தான் வந்து சேர்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம் என்ற சோம்பேறித்தனமும் இதில் உண்டு.

மூலிகைதானே அண்ணாச்சி, பக்க விளைவே கிடையாதுல்ல?

உண்டு. உடம்பில் ஒன்றைச் செய்கிற எதுவும், வேண்டாத இன்னொன்றையும் செய்யக்கூடும். ஆடாதோடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற சத்தை வைத்து உருவானதுதான் இருமல் சிரப்பில் வரும் புரோம்ஹெக்சின். இலையாக இருந்தபோது சாது, பாட்டிலுக்குள் போனதும் மருந்து என்று அது வேஷம் மாற்றிக்கொள்வதில்லை.

அரளியும் செடிதான், எருக்கும் செடிதான். இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக யாரும் அரளி விதையை அரைத்துக் குடிப்பதில்லை. எந்தச் செடி, அதில் எந்தப் பாகம், எவ்வளவு, யாருடைய உடம்புக்கு என்ற நான்கும் தெரிந்த பிறகுதான் நல்லது கெட்டது பேச முடியும். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இந்த நான்கைச் சுற்றித்தான்.

திரிகடி அளவு, வெருகடி அளவுன்னு எழுதியிருக்கே, ஸ்பூன்ல சொல்லுங்களேன்?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து அள்ளுவது திரிகடி. ஐந்து விரலாலும் அள்ளுவது வெருகடி. யார் சாப்பிடப் போகிறாரோ அவர் விரலால்தான் அள்ள வேண்டும். அப்படி அள்ளினால் சின்ன உடம்புக்குச் சின்ன அளவு தானாகவே வந்துவிடும்.

ஸ்பூனில் சிக்கல் என்னவென்றால், நைசாக அரைத்த திப்பிலிப் பொடியும் நார் நாராக இருக்கும் வெட்டிவேர்ப் பொடியும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. இப்போது சித்த மருத்துவர்கள் கிராமில் எழுதுகிறார்கள். அப்படி எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. சமையல் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

குடிநீர்ப் பொடி, சூரணம் ரெண்டும் பொடிதானே? தேன்ல குழைச்சுச் சாப்பிடலாமா?

குடிநீருக்கு, அதாவது கஷாயத்துக்குக் கொடுப்பது ஒன்றிரண்டாக இடித்தது. அதைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, சக்கையை வீசிவிட வேண்டும். சூரணம் வஸ்திரகாயம் செய்தது, அதாவது துணியில் சலித்தது. அதை அப்படியே சாப்பிடலாம். குடிநீர்ப் பொடியை அப்படியே விழுங்கினால் வயிறு வலிக்கும், தொண்டையில் நார் சிக்கும்.

காய்ச்சும் முறை பெரும்பாலும் இதுதான்: 5 கிராம் பொடிக்கு ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி தண்ணீர். சிறு தீயில் வைத்துக் கால் பங்காக, 60 மில்லியாக வற்றவிட வேண்டும். பெரிய தீயில் ஐந்து நிமிடத்தில் வற்றவைத்தால் நிறம் இறங்கும், சாரம் சரியாக இறங்காது. சித்த மருத்துவ நூல்கள் குடிநீருக்குச் சொல்லும் ஆயுள் ஒரு சாமம், மூன்று மணி நேரம். காலையில் காய்ச்சியதை ஃபிரிட்ஜில் வைத்து ராத்திரி சுட வைக்காதீர்கள். ராத்திரிக்குத் தனியாகக் காய்ச்சுங்கள்.

சுக்குத் தோலைச் சீவணும்னு அம்மா சொல்றாங்க. கடுக்காயை மட்டும் முழுசா இடிக்கலாமா?

அம்மா சொல்வது சரி. சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது பழைய பாடம். சுக்கில் சுண்ணாம்பைத் தடவி ஊறவைத்து, கழுவிக் காயவைத்து, மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். கடுக்காயைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் ஓடுபோல் தோல் பிளந்து, நடுவில் மஞ்சள் பாரித்த கொட்டை தனியாக வரும். கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் இடியுங்கள். நல்ல கடுக்காய் கையில் கனக்கும். ஆட்டினால் கடகடவென்று சத்தம் வருவது உள்ளே வற்றிப்போனது.

இந்த வேலைக்குச் சுத்தி என்று பெயர். சுக்கு, கடுக்காய் அளவில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சேராங்கொட்டை, எட்டி, நாவி போன்றவற்றில் சுத்தி பிசகினால் உயிருக்கே ஆபத்து. அவற்றை வீட்டில் தொடவே வேண்டாம். சீட்டில்லாமல் நானும் கொடுப்பதில்லை.

அரைச்ச பொடி எத்தனை மாசம் தாங்கும்?

நூல் கணக்கில் சூரணத்துக்கு மூன்று மாதம். லேகியம் ஆறு மாதம், எண்ணெய் ஒரு வருஷம். கம்பெனி டப்பாவில் அதற்கு மேலும் தேதி போட்டிருப்பார்கள். அவர்களிடம் ஈரம் போக்கும் இயந்திரமும் சீல் வைத்த டப்பாவும் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது ஹார்லிக்ஸ் பாட்டில்.

கட்டி தட்டியிருந்தாலோ, மக்கல் வாசனை வந்தாலோ, நூலாம்படை மாதிரி ஏதாவது ஓடினாலோ கொட்டிவிடுங்கள். வறுத்துப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். பூஞ்சை விட்டுப்போகும் நஞ்சு வறுவலில் போகாது. கால் கிலோ பொடியாக வாங்குவதைவிடச் சரக்கை முழுசாக வாங்கி, மாதத்துக்கு ஒருமுறை இடித்துக்கொள்வது மேல்.

நிலவேம்புக் குடிநீர்னா வெறும் நிலவேம்புப் பொடிதானே? அது விலை கம்மியா இருக்கே?

இல்லை, ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. சந்தனமும் விலாமிச்சையும்தான் விலையை ஏற்றுகின்றன, அதனால் மட்டமான பொடியில் காணாமல் போவதும் அவைதான். பற்படாகம் என்ற ஒரே பெயரில் தமிழ்நாட்டில் ஒரு செடி, கேரளத்தில் ஒன்று, வடக்கே ஒன்று என்று விற்கிறார்கள். அதனால் எங்கிருந்து வந்த பொடி என்று கேட்டு வாங்குங்கள். நாக்கில் வைத்ததும் கடும் கசப்பு தெரியாவிட்டால் அது நிலவேம்பே இல்லை என்பது என் சொந்தச் சோதனை.

2012 டெங்குக் காய்ச்சலின்போது அரசே ஆஸ்பத்திரிகளிலும் தெருமுனைகளிலும் கொடுத்ததால், இதைக் குடித்தால் டெங்கு வராது, வந்தாலும் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலுக்கான குடிநீர் இது. டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் இறங்குவது. அதற்கு நேரத்தில் நரம்பு வழியாக சலைன் ஏற்ற வேண்டும். காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் கவனம் கூடுதலாக வேண்டும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் என்று ஏதாவது தெரிந்தால் டம்ளரை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பப்பாளி இலைச் சாற்றுக்கும் இதே பதில்தான். தட்டணுக்கள் (பிளேட்லெட்) சீக்கிரம் ஏறுவதாகச் சில ஆய்வுகள் உண்டு. நீர்க்கசிவை அது நிறுத்துவதாகக் காட்டியதில்லை.

கபசுரக் குடிநீரை வருஷம் பூரா குடிக்கலாமா?

வேண்டாம். பதினைந்து சரக்கு சேர்ந்த காய்ச்சல் மருந்து அது. 2020-இல் மூட்டை மூட்டையாகப் போனது. திப்பிலி, அக்கரகாரம், இலவங்கம், சிறுகாஞ்சொறி வேர் என்று பாதிக்கு மேல் உறைப்பும் சூடும். அந்த வருஷம் தினமும் மூன்று வேளை குடித்து வயிறு புண்ணானவர்கள் பிறகு என்னிடமே மணத்தக்காளி வற்றல் வாங்க வந்தார்கள்.

கீழாநெல்லி எங்க தோட்டத்துலயே கிடக்கு. எது சரியானதுன்னு எப்படிப் பார்க்கறது?

கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைக்கு அடியில், கிளையின் கீழ்ப்பக்கமாக, கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகச் சிறு காம்பில் தொங்க வேண்டும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, தடவினால் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி என்று சொல்லும் வேறு இனம். மேலாநெல்லி என்று இன்னொன்று உண்டு. காய் வருமுன் பறித்தால் பழகிய கண்ணுக்கே பிடிபடாது. சாக்கடை ஓரத்திலும் மருந்து தெளித்த வயலிலும் இருப்பதை எடுக்காதீர்கள்.

சரி, அதையே அரைச்சு மோர்ல குடிச்சா மஞ்சக்காமாலை போயிடும்ல?

காமாலை என்பது ஓர் அறிகுறி. கெட்ட தண்ணீரில் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். கீழாநெல்லி குடித்தாலும் இறங்கும், குடிக்காவிட்டாலும் இறங்கும். பத்தியச் சாப்பாடும் ஓய்வும் சேர்ந்துகொள்வதால் பெயர் கீழாநெல்லிக்குப் போகிறது. ஆனால் பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் காமாலைதான். கணையத்தில் கட்டி வந்தாலும், எலிக்காய்ச்சல் வந்தாலும், குடியால் ஈரல் சுருங்கினாலும் கண் மஞ்சளாகும். இவற்றில் எதையும் மோர் கரைக்காது. முதலில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். பிறகு மருந்தைப் பேசலாம்.

பி வகைக் காமாலைக்குக் கீழாநெல்லி கைகண்டது என்ற பேச்சுக்கு ஓர் ஆதாரம் உண்டு. 1988-இல் சென்னை மருத்துவர்கள் செய்த ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க்கும் அதில் ஒருவர். முப்பது நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு ஊர்களில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. முதல் பாதியை மட்டும் அச்சடித்து டப்பாவில் ஒட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காமாலைக்கு மூக்கில் சாறு விடுவது, கண்ணில் விடுவது, கையில் சூடு போடுவது மூன்றையும் பற்றிக் கேட்கிறார்கள். மூன்றும் வேண்டாம்.

சிறுகுறிஞ்சான் சாப்பிட்டா சுகர் மாத்திரையை நிறுத்திடலாமா?

நிறுத்தக் கூடாது. சிறுகுறிஞ்சானில் சரக்கு இல்லை என்று சொல்லவில்லை. ஓர் இலையை ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டு, நாக்கில் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள். மணலை மெல்வதுபோல் இருக்கும், இனிப்பே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ருசி திரும்பும். நாக்கில் இவ்வளவு செய்கிற செடி உடம்பிலும் ஏதோ செய்யத்தான் செய்யும், ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கவும் செய்கிறது.

ஆபத்தும் அங்கேதான். மாத்திரையோடு இதையும் ஆவாரம்பூவையும் வெந்தயத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் சர்க்கரை கீழே போய் வியர்த்து மயங்குவார்கள். அதனால் சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் அளந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுங்கள். மாத்திரையைக் குறைப்பது அவர் கையில். இன்சுலின் போடும் சிறு பிள்ளைகளுக்கு ஒரு வேளைகூட ஊசியை நிறுத்தாதீர்கள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற சொலவடையை அவர்களிடம் காட்டாதீர்கள்.

பச்சப் பிள்ளைக்கு வசம்பு சுட்டு உரசிக் கொடுக்கலாமா? தேன்ல?

வாய்வழியாக வேண்டாம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பேர் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கோபம் வருவதும் தெரியும். வசம்பு எண்ணெயில் இருக்கும் பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றைக் கொடுத்ததால் 1968-லேயே அமெரிக்கா உணவில் அதைத் தடை செய்தது. பிறந்த குழந்தைக்கு எவ்வளவு உரசினால் எவ்வளவு உள்ளே போகும் என்று எந்தப் பாட்டியாலும் அளக்க முடியாது. வாந்தி, மயக்கத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் உண்டு.

தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, பெரியவர் வயிற்றில் சும்மா இருக்கும். குழந்தைக் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கி உடம்பைத் துவளச் செய்துவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஆசை விடவில்லை என்றால் வசம்பை நூலில் கோத்துக் கையில் கட்டுங்கள், பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டு.

முழுகாம இருக்கற பொண்ணுக்கு எதெல்லாம் ஆகாது?

சமையலில் விழும் அளவில் சீரகம், மிளகு, பூண்டு எதுவும் பிரச்சினை இல்லை. மருந்து அளவில் என்றால் நிலவேம்பு, ஆடாதோடை, வசம்பு, கற்றாழை, கருஞ்சீரகம், அமுக்கரா (அஸ்வகந்தா) ஆகியவற்றை நான் கொடுப்பதில்லை. முதல் கேள்வியில் சொன்ன அதே வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை கொண்டது. இருமல் சிரப்பு மூலிகையில் ஆனது என்றாலும் லேபிளைப் படித்துவிட்டு, பார்க்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது, கஷாயம் கொடுங்கள் என்று கேட்பவர்களிடம் முதலில் பரிசோதனை செய்து பார்த்தீர்களா என்றுதான் கேட்பேன்.

அதிமதுரம் தொண்டைக்கு நல்லதாமே, பாட்டு கிளாஸ் போற பொண்ணு தினமும் மெல்லலாமா?

நாலைந்து நாள் மெல்லலாம். மாதக்கணக்கில் மென்றால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் இருப்பவர்களும் இதய நோயாளிகளும் தொடவே வேண்டாம்.

இங்கிலீஷ் மருந்துக்கும் இதுக்கும் எவ்வளவு நேரம் இடைவெளி விடணும்? அரை மணி போதுமா?

வயிற்றில் ஒன்றோடொன்று கலப்பதை அரை மணியோ ஒரு மணியோ தடுக்கலாம். ரத்தத்தில் சேர்ந்த பிறகு நடப்பதைக் கடிகாரம் தடுக்காது. மிளகு, திப்பிலியில் இருக்கும் பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகளை அதிகமாக ரத்தத்தில் ஏற்றிவிடும். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தைத் தினமும் சாப்பிடுகிறவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் பூண்டு லேகியம், மஞ்சள் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டிய பிறகே தொட வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அமுக்கராவை. ஆபரேஷன் தேதி குறித்துவிட்டால் இரண்டு வாரம் முன்பே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அமுக்கராவும் சீந்திலும் ஈரலைக் கெடுக்கும்னு வாட்ஸ்அப்ல வருதே, நெசமா?

முழுப் பொய் இல்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று மாதக்கணக்கில் சீந்தில் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் வீங்கியதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அது சீந்திலே இல்லை, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு கொடி என்று பாரம்பரிய மருத்துவத்துக்கான மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. கொடி மாறியதா, உடம்பு ஏற்கவில்லையா என்ற சண்டை நடக்கும்போது நீங்கள் செய்ய வேண்டியது எளிது. நோய் இல்லாதபோது மாதக்கணக்கில் குடிக்காதீர்கள். ஏற்கெனவே ஈரல் கோளாறோ, தன் உடலையே தாக்கும் வகை நோயோ இருந்தால் தொடாதீர்கள். அமுக்கராவிலும் ஈரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்தது. பசியின்மை, சிறுநீர் அடர்மஞ்சள், அரிப்பு என்று வந்தால் உடனே நிறுத்திவிட்டு ரத்தம் பாருங்கள்.

ஆடுதீண்டாப்பாளை, கருடக்கொடி கேட்டா மட்டும் இல்லைங்கறீங்களே?

சரக்கு கிடைக்கும், நான் வைப்பதில்லை. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தை மெதுவாகக் கொல்லும், சிறுநீர்ப் பாதையில் புற்றையும் கொண்டுவரும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கக் கொடுத்த மூலிகை மாத்திரையில் இந்தக் குடும்பத்துச் செடி மாறிக் கலந்து, 100-க்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. சாப்பிட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். எங்க தாத்தா சாப்பிட்டார், நன்றாகத்தான் இருந்தார் என்பது இதற்குச் சாட்சியாகாது.

கருடக்கொடி பாம்புக்கடிக்கு என்று கேட்கிறார்கள். கடித்த காலை ஆட்டாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதற்கான விஷத்தைச் சென்னை அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் எடுத்துக் கொடுக்கிறது. செடி கொடியெல்லாம் அத்துபடியாகத் தெரிந்த இருளர்கள் எடுத்துத் தரும் விஷத்தில்தான் அந்த ஊசி ஆகிறது.

அசோகப் பட்டைன்னு வாங்கினேன், ஒரு பலனும் இல்லையே?

அநேகமாக நீங்கள் வாங்கியது நெட்டிலிங்கப் பட்டை. பள்ளிக்கூடக் காம்பவுண்டில் ஊசி மாதிரி உயரமாக நிற்குமே, அதையும் அசோக மரம் என்றுதான் ஊரில் சொல்கிறோம். உண்மையான அசோகம் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூக்கும் மரம். அதன் பட்டை குறைவு, கேட்பவர்கள் அதிகம். பொடியாக வாங்கினால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. பட்டையாக வாங்கித் தெரிந்த வைத்தியரிடம் காட்டுங்கள். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போவதற்கு வாங்கியிருந்தால், பட்டை நிஜமோ போலியோ, ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

ஒரு வைத்தியர் பேரில்லாத மாத்திரை கொடுத்தார். மூட்டுவலி ரெண்டே நாள்ல போச்சு. அதே மாதிரி இருக்கா?

இரண்டே நாளில் போனதுதான் சந்தேகத்துக்கு இடம். மூட்டுவலி, ஆஸ்துமாவுக்கென்று பெயரில்லாமல் விற்கும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பி, பசி கூடி, சர்க்கரை ஏறினால் அதுவாகத்தான் இருக்கும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள், மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

சித்த மருந்து எதுவானாலும் டப்பாவில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்த்த சரக்கின் பெயர்கள் இருக்க வேண்டும். வைத்தியர் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துப் பதிவு செய்தவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பல அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவு என்று இடங்கள் இருக்கின்றன. அங்கே எழுதிய சீட்டோடு வாருங்கள். வரும்போது நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தால், நிறுப்பதற்கு முன்னால் நானும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.